ரேகைச் சட்டம் - போன சட்டமும் போகாத பதிவேடும்

தலைப்பைப் பார்த்துட்டு ஜோசியப் பதிவுன்னு நம்பி வந்தவங்க மன்னிக்கணும். ஆயுள் ரேகை, தன ரேகை எல்லாம் இங்கே கிடையாது :-) இது போலீஸ் ரேகை.

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். சட்டம், கமிட்டி, அறிக்கைன்னு வரும். அரசாங்க அறிக்கை படிக்கறது எனக்கு ஒரு வியாதி மாதிரி. உங்களுக்கும் கொஞ்சம் தொத்திக்கட்டும்னுதான் எழுதறேன்.

குற்றப் பரம்பரைச் சட்டம் பத்தி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. 1871ல வெள்ளைக்கார அரசாங்கம் போட்டது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ மொத்தமா 'குற்றம் செய்யறவங்க'ன்னு அறிவிச்சுட்டு, அதுல பொறந்த ஒவ்வொருத்தரையும் கண்காணிக்கலாம்னு சொன்ன சட்டம். ஆனா மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சனங்க அதுக்கு வெச்ச பேரு வேற. 'ரேகைச் சட்டம்', 'கைரேகைச் சட்டம்'. அரசாங்கம் வெச்ச பேரு, அந்த மக்களைப் பத்தி அரசாங்கம் என்ன நினைச்சதுன்னு சொல்லுது. சனங்க வெச்ச பேரு, அந்தச் சட்டம் அவங்ககிட்டேயிருந்து என்னத்தை எடுத்துக்கிட்டுப் போச்சுன்னு சொல்லுது.

தகவல் பாதுகாப்பு, தனியுரிமைன்னு இன்னிக்கு எத்தனையோ பேசறோம். அந்தப் பேச்சு தமிழ்நாட்டுல எங்கே ஆரம்பிச்சதுன்னு யாராவது கேட்டா, நான் இந்தப் பேரைத்தான் காட்டுவேன்.

கட்டைவிரல் வந்த வழி

கைரேகையை அடையாளமா பயன்படுத்தறதுல இந்தியாவுக்கு முக்கியமான இடம் உண்டு. பெருமைப்படலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. 1858ல வங்காளத்துல வில்லியம் ஹெர்ஷல்ங்கற அதிகாரி, ஒரு ஒப்பந்தக்காரர் பின்னாடி 'இது என் கையெழுத்தே இல்லை'ன்னு சொல்லிடக்கூடாதுன்னு, ஒப்பந்தப் பத்திரத்துல அவரோட முழு உள்ளங்கையையும் பதிச்சு வாங்கினார். 1877ல ஹூக்ளி மாவட்டத்துல இருந்தப்போ பென்ஷன் வாங்கறவங்க, பத்திரம் பதியறவங்க, ஜெயில் கைதிங்கன்னு மூணு இடத்துலயும் ரேகை எடுத்துப் பார்த்தார். செத்துப்போனவர் பேர்ல இன்னொருத்தர் பென்ஷன் வாங்கறதைத் தடுக்கணும், அதான் யோசனை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஆதார் வந்தப்போ சொன்ன காரணமும் ஏறக்குறைய இதேதான்.

ஆனா ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுக்குள்ள ஒண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கணுமே? அதுக்கு ஒரு வகைப்பாடு வேணும். வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியோட ஆபீஸ்ல அந்த வேலை நடந்துச்சு. அதுல பெரும்பங்கு அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ்ங்கற ரெண்டு இந்தியப் போலீஸ்காரங்களோடது. முறைக்குப் பேரு மட்டும் 'ஹென்றி முறை'. (இதுக்குத் தனிப் பதிவே போடலாம்.) 1897ல அரசாங்கம் ரெண்டு பேர் கொண்ட கமிட்டி போட்டு முறையைச் சோதிச்சுப் பார்த்தது. ஒருத்தர் நில அளவைத் துறைத் தலைவர் ஸ்ட்ரஹான், இன்னொருத்தர் வேதியியல்காரர் பெட்லர். நல்லா வேலை செய்யுதுன்னு அறிக்கை கொடுத்தாங்க. அதே வருஷம் கல்கத்தாவுல உலகத்தோட முதல் கைரேகைப் பிரிவு தொடங்கிடுச்சு. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901லதான்.

அந்த 1897 கமிட்டிகிட்ட கேட்ட கேள்வி 'முறை வேலை செய்யுமா?'ங்கறது. 'யார்கிட்ட எடுக்கலாம், எத்தனை நாள் வெச்சிருக்கலாம்?'ங்கற கேள்வி அவங்க முன்னாடி வரலை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

பதிவேடு எப்படி வேலை செஞ்சது

1871 சட்டம் முதல்ல வட இந்தியாவுக்குத்தான். 1876ல வங்காளத்துக்குப் போச்சு. சென்னை மாகாணத்துக்கு வந்தது 1911ல புதுசாப் போட்ட சட்டம் வழியா. அதுலதான் ரேகையும் உள்ளே நுழைஞ்சது.

நடைமுறை இப்படி. ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரைன்னு மாகாண அரசு அறிவிக்கும். அந்த அறிவிப்பு செல்லுமா செல்லாதான்னு எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. சட்டத்துலயே அப்படி எழுதி வெச்சுட்டாங்க. அடுத்து மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், நோட்டீஸ் போடுவார். இன்ன நாள், இன்ன இடத்துக்கு வரணும், கேட்ட தகவலைச் சொல்லணும், ரேகை கொடுக்கணும். பதிவேடு தயாரானதும் அது போலீஸ் சூப்பரின்டெண்டன்ட் கையில இருக்கும். 'என் பேரைத் தப்பாச் சேர்த்துட்டாங்க'ன்னா யார்கிட்ட முறையிடணும்? பதிவேடு போடச் சொன்ன அதே மாஜிஸ்திரேட்கிட்ட!

பேரு ஏறினவங்க குறிச்ச நேரத்துல போலீஸ்ல ஆஜராகணும். பலருக்கு அது ராத்திரி நேரம். வீட்டுல படுத்துத் தூங்கறதுகூட அனுமதி சார்ந்த விஷயம் ஆயிடுச்சு. ஊரை விட்டு வெளியே போகணும்னா சீட்டு வேணும். 'ராதாரிச் சீட்டு'ன்னு அதுக்குப் பேரு. பொண்ணு பார்க்கப் போகணும்னாலும், சாவு வீட்டுக்குப் போகணும்னாலும் சீட்டு.

இதுல ஒருத்தர் திருடினாரா இல்லையாங்கற கேள்வி எங்கேயுமே வரலை பாருங்க. பொறந்ததே போதும்.

1920 - ஒரே வருஷம், ரெண்டு சம்பவம்

1910களில் மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொண்ணா இந்தச் சட்டத்துக்குள்ள வந்துச்சு. எதிர்ப்பும் கூடவே வந்துச்சு. மனு போட்டாங்க, வக்கீல் வெச்சாங்க. கோர்ட்டுல அவங்களுக்காக நின்ன ஜார்ஜ் ஜோசப்பை அந்தப் பக்கத்து மக்கள் 'ரோசாப்பூ துரை'ன்னு இன்னும் ஞாபகம் வெச்சிருக்காங்க. கேரளத்துல பொறந்து மதுரையில வக்கீலா இருந்தவர்.

பெருங்காமநல்லூர்க்காரங்க ரேகை வைக்க மறுத்துட்டாங்க. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் ஊருக்கு வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்துப்போனாங்க. அதுல மாயக்காள்ங்கற ஒரு அம்மாவும் உண்டு. அடிபட்டவங்களுக்குத் தண்ணி கொடுக்கப் போனப்போ சுட்டாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. இன்னிக்கும் வருஷா வருஷம் அங்கே நினைவஞ்சலி நடக்குது.

இது நமக்குத் தெரிஞ்ச 1920. அதே வருஷம் செப்டம்பர்ல இன்னொரு சட்டம் போட்டாங்க: கைதிகள் அடையாளச் சட்டம், 1920. கைதானவங்க, தண்டனை பெற்றவங்ககிட்ட ரேகை, கால் தடம், உடல் அளவு, போட்டோ எடுக்கலாம்னு சொல்ற சட்டம். சின்னச் சட்டம்தான், ஆனா அதோட 7வது பிரிவைப் படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னாடி தண்டனை எதுவும் பெறாத ஒருத்தர், வழக்கு விசாரணையே இல்லாம விடப்பட்டாலோ, விடுதலை ஆனாலோ, அவர்கிட்டே எடுத்த ரேகை, போட்டோ எல்லாத்தையும் அழிச்சுடணும், இல்லேன்னா அவர்கிட்டயே கொடுத்துடணும். கோர்ட்டோ அதிகாரியோ காரணத்தை எழுதி வெச்சு வேற மாதிரி உத்தரவு போட்டாத்தான் விதிவிலக்கு.

புரியுதா? ஒரே அரசாங்கம். ஒரே வருஷம். கொள்ளை வழக்குல கைதாகி, நிரூபிக்க முடியாம வெளியே வந்தவர் ரேகையை அழிக்கணும்னு சட்டம் இருக்கு. எந்த வழக்குலயும் பேரு அடிபடாத உசிலம்பட்டி விவசாயியோட ரேகையை அழிக்க வழியே இல்லை. சந்தேகத்துக்கு உள்ளானவருக்குக் கிடைச்ச உரிமை, சந்தேகப்படக் காரணமே இல்லாதவருக்குக் கிடைக்கலை. ஏன்னா முன்னவர் செஞ்சதா சொல்லப்பட்ட காரியத்துக்காக உள்ளே வந்தவர். வழக்கு பொய்யுன்னா வெளியே போயிடலாம். பின்னவர் பொறப்புக்காக உள்ளே வந்தவர். பொறப்பை யாரு ரத்து பண்ண முடியும்?

'அந்தக் காலத்துல தனியுரிமைன்னா என்னன்னே தெரியாது'ன்னு நம்மாளுங்க அடிக்கடி சொல்வாங்க. அதுக்கு என்னோட பதில் இந்த 7வது பிரிவுதான். தெரிஞ்சிருந்தது. யாருக்குக் கொடுக்கணும், யாருக்குக் கொடுக்கக்கூடாதுங்கறதும் சேர்த்தே தெரிஞ்சிருந்தது.

சட்டம் போச்சு, அப்புறம்?

முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம்னு பலர் போராடி, 1947ல சென்னை மாகாணத்துல குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தாச்சு. நாடு முழுக்க என்ன செய்யலாம்னு பார்க்க 1949ல மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர் அனந்தசயனம் அய்யங்கார், பின்னாளில் மக்களவை சபாநாயகர் ஆனவர். சாதியை வெச்சுக் குற்றவாளின்னு முத்திரை குத்தற சட்டம் போகணும். அதுக்குப் பதிலா, பொறப்பைப் பார்க்காம, வழக்கமாக் குற்றம் செய்யறவங்களுக்கு மட்டும் பொருந்தற சட்டம் வரணும்னு அறிக்கை சொன்னது. 1952 ஆகஸ்ட் 31ல பழைய சட்டம் நாடு முழுக்க ரத்து. இன்னிக்கு அரசுப் பட்டியல்ல 'சீர்மரபினர்'னு ஒரு வகை இருக்கே, அது அந்த ரத்தோட மிச்சம்தான்.

படிக்க நல்லாத்தான் இருக்கு. அறிக்கையோட நோக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சென்னையில 1947ல ஒண்ணு போச்சு, 1948லயே 'வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம்' வந்துடுச்சு. மத்த மாநிலங்களும் இதே மாதிரி போட்டுக்கிட்டாங்க. 'கூட்டம்' போய் 'தனி நபர்' வந்தார். ஆனா பட்டியல் எழுதற ஸ்டேஷன் அதேதான், எழுதற கையும் அதேதான். இந்தச் சட்டங்களை ரத்து செய்யச் சொல்லி 2000ல தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரை செஞ்சது. 2007ல ஐ.நா.வோட இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவும் சொல்லுச்சு. பரிந்துரைக்கு நம்ம ஊர்ல என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்.

கரக் சிங்கோட கோப்பு

சட்டம் போனாலும் பதிவேடு எப்படி உயிரோட இருக்கும்னு பார்க்கணும்னா உத்தரப் பிரதேசத்துக்குப் போகணும். கரக் சிங்னு ஒருத்தர். 1941ல ஒரு கொள்ளை வழக்குல பிடிச்சாங்க, ஆதாரம் இல்லைன்னு விட்டுட்டாங்க. ஆனா போலீஸ் அவர் பேர்ல ஒரு 'ஹிஸ்டரி ஷீட்' திறந்துடுச்சு. அதுக்கப்புறம் வீட்டைச் சுத்தி ரகசியக் காவல், ராத்திரியில கதவைத் தட்டறது, எங்கே போறார் வர்றார்னு குறிப்பு எழுதறது. இதுக்கெல்லாம் ஆதாரம் சட்டம்கூட இல்லை, போலீஸோட உள் விதிமுறைதான்.

அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 டிசம்பர்ல ஆறு நீதிபதிகள் தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினவர் ராஜகோபால அய்யங்கார். ராத்திரி வீட்டுக்குள்ள வர்றது செல்லாதுன்னு சொன்னாங்க. ஆனா தனியுரிமை அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமை இல்லை, அதனால மத்த கண்காணிப்பு தொடரலாம்னும் சொல்லிட்டாங்க. சுப்பா ராவும் ஜே.சி.ஷாவும் மட்டும் ஒத்துக்கலை. தனியுரிமை இல்லாம தனிமனித சுதந்திரம் கிடையாது, மொத்த விதிமுறையும் செல்லாதுங்கறது அவங்க கட்சி.

இந்தக் கோப்பு எவ்வளவு தூரம் வந்துச்சுன்னு பாருங்க. 2015ல ஆதார் வழக்குல மத்திய அரசோட தலைமை வழக்கறிஞர் எழுந்து, தனியுரிமை அடிப்படை உரிமையே இல்லைன்னு வாதாடினார். அதுக்குக் காட்டின ரெண்டு முக்கியத் தீர்ப்புல ஒண்ணு கரக் சிங். 1941ல நிரூபிக்க முடியாத ஒரு வழக்குல திறந்த தாள், 74 வருஷம் கழிச்சு நம்ம எல்லாரோட கைரேகைக்கும் கண்ணுக்கும் எதிரா சாட்சி சொல்ல வந்துடுச்சு!

அந்த வாதத்தாலதான் விஷயம் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போச்சு. 2017 ஆகஸ்ட் 24ல, புட்டசாமி வழக்குல, ஒன்பது பேரும் ஒரே குரல்ல தனியுரிமை அடிப்படை உரிமைதான்னாங்க. சுப்பா ராவ் சொன்னதுதான் சரின்னு ஏத்துக்க 55 வருஷம் ஆயிடுச்சு.

அறிக்கை மேல அறிக்கை

இதுக்கு நடுவுல அறிக்கைகளும் வராம இல்லை. 2012ல திட்டக்குழு அமைச்ச ஏ.பி.ஷா குழு (அவர் முன்னாடி நம்ம சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியா இருந்தவர்) ஒன்பது கொள்கைகள் கொடுத்தது. எடுத்த நோக்கம் முடிஞ்சதும் தகவலை அழிக்கணும்ங்கறதும் அதுல உண்டு. 2018ல ஸ்ரீகிருஷ்ணா குழு ஒரு சட்ட வரைவே எழுதிக் கொடுத்தது. அரசாங்கத்துக்கு விலக்கு வேணும்னா நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, தேவைக்கு மீறாம இருக்கணும்னு அதுல இருந்தது. 2019 மசோதாவுல அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க. ஸ்ரீகிருஷ்ணாவே அதை வெளிப்படையாக் கண்டிச்சார்.

கடைசியா 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல. நம்ம தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கற உரிமை அதுல இருக்கு. நல்ல விஷயம். 17வது பிரிவையும் படிங்க. குற்றத்தைத் தடுக்க, விசாரிக்கன்னா அந்த உரிமை இல்லை. பொதுவா அரசாங்கம் கையில இருக்கற தகவல்னாலே அழிக்கச் சொல்ற பிரிவு பொருந்தாது. அதுமட்டுமில்லை, சட்டம் டிஜிட்டல் தகவலுக்கு மட்டும்தான். ஸ்டேஷன் பீரோவுல இருக்கற காகிதப் பதிவேடு இந்தச் சட்டத்துக்கு வெளியே.

இன்னொரு பக்கம், கைதிகள் அடையாளச் சட்டத்தை விரிவாக்கச் சொல்லி சட்ட ஆணையம் 1980லயே தன்னோட 87வது அறிக்கையில சொல்லியிருந்தது. 2022ல அந்த 1920 சட்டம் போய், குற்ற நடைமுறை (அடையாளம்) சட்டம் வந்தது. கண் விழித்திரை, உயிரியல் மாதிரி, கையெழுத்து, நடத்தைக் கூறுகள் வரைக்கும் எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதை 75 வருஷம் வெச்சிருக்கலாம். விடுதலையானா அழிக்கணும்ங்கற பிரிவு இதுலயும் இருக்கு, ஆனா மேல்முறையீடு எல்லாம் தீர்ந்த பிறகு. நம்ம ஊர்ல மேல்முறையீடு எப்போ தீரும்? பேரன் காலத்துல :-(

பழைய கதை இல்லை

'இதெல்லாம் முடிஞ்ச கதை'ன்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு தீர்ப்பு. ரெண்டும் 2024. மே மாசம், டில்லி எம்.எல்.ஏ. ஒருத்தரோட ஹிஸ்டரி ஷீட் வழக்குல, சீர்மரபினர் மாதிரி சமூகங்கள்ல பொறந்ததாலேயே குற்றமற்றவங்க பேரும் இந்தத் தாள்கள்ல ஏறுதுங்கற கவலையைச் சுப்ரீம் கோர்ட்டே எழுப்பி, எல்லா மாநிலமும் தங்களோட நடைமுறையைத் திரும்பப் பார்க்கணும்னு சொன்னது. அக்டோபர் 3ஆம் தேதி, சுகன்யா சாந்தா வழக்குல, சிறைப் பதிவேட்டுல இருக்கற சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. ரத்தாகி 72 வருஷம் ஆன ஒரு சட்டத்தோட வாசனையைக் கோர்ட் இன்னும் துடைச்சுக்கிட்டு இருக்கு.

போலீஸுக்குத் தகவலே வேண்டாம்னு நான் சொல்லலை. வீட்டுல திருடு போனா நாமும் முதல்ல ரேகை எடுத்தாங்களான்னுதான் கேட்போம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். புதுசா எந்தச் சட்டம், எந்த கமிட்டி அறிக்கை வந்தாலும், 'எதுக்கு எடுக்கறோம்'ங்கற முன்னுரையை அப்புறம் படிச்சுக்கலாம். எந்த முன்னுரையும் கெட்டதுக்குன்னு எழுதினதில்லை, 1871 உள்பட. முதல்ல மூணு விஷயத்தைத் தேடுங்க. பட்டியல்ல பேரு ஏற என்ன காரணம், செஞ்ச காரியமா, பொறந்த வீடா? தப்பா ஏறினா யார்கிட்ட போகணும், எழுதினவர்கிட்டயேவா? எப்போ, யார் அழிப்பாங்க? மூணாவதுக்கு விடை இல்லேன்னா, ஆயிரம் பக்க அறிக்கையா இருந்தாலும் அது 1897 கமிட்டி அறிக்கை மாதிரிதான். முறை வேலை செய்யும்னு மட்டும் சொல்லும்.

பெருங்காமநல்லூர்க்காரங்க எந்த கமிட்டியும் போடலை, அறிக்கையும் எழுதலை. ரேகையைக் கொடுத்தா திரும்ப வாங்க முடியாதுங்கறது மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

உங்க பக்கத்துல ரேகைச் சட்டம், ராதாரிச் சீட்டு பத்திப் பெரியவங்க சொன்ன கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. அரசாங்க ஆவணத்துல இருக்கறது அவங்க எழுதின பக்கம். நம்ம பக்கத்தை நாமதானே எழுதணும்.